இணையச் சந்தையில் விலைமனு: கணினி வேலைக்கு முதல் வாடிக்கையாளரைத் தேடுதல்

காணியை விட்டு வந்த குடும்பங்களிலும் கணினி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மென்பொருள் எழுதத் தெரிந்த மகனுக்கோ மகளுக்கோ தொழில் செய்யக் காணி தேவையில்லை. ஒரு கணினி, மின்சாரம், இணைய இணைப்பு ஆகியன போதும். ஆனால் வேலை கொடுப்பவரை எங்கே தேடுவது? இதுவே இப்பாடத்தின் பொருள். இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசியுங்கள். ஏனெனில் இத்தொழிலில் முதலில் செலவாகும் பணம் பெரும்பாலும் பெற்றோருடையது.

1. இச்சந்தை எப்படி இயங்குகிறது?

வேலை கொடுப்பவர் தமது தேவையை இணையத்தளத்தில் அறிவிப்பார். "எனது கடையின் இணையத்தளத்தில் பணம் செலுத்தும் பகுதி வேலை செய்யவில்லை, திருத்த வேண்டும்" என்பது போல அது இருக்கும். பல நாடுகளிலிருந்தும் பலர் தமது விலையை எழுதி விண்ணப்பிப்பார்கள். மீன் ஏலத்தில் விலை ஏறும், இங்கே இறங்கும். ஆயினும் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை கொடுக்க வேண்டும் என்ற நியதி இல்லை. நம்பிக்கை தருபவரையே பலர் தெரிவு செய்கிறார்கள்.

இத்தகைய சந்தைகள் புதியவை அல்ல. எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரு தளங்கள் ஒன்றிணைந்து 2015 இல் அப்வேர்க் என்ற பெயரைப் பெற்றன. அவுஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து இயங்கும் பிறீலான்சர் மற்றொரு பெரிய தளம்.

2. கழிவைக் கணக்கிடுங்கள்

சந்தைக்கு மரக்கறி கொண்டுபோனவர்களுக்குக் கழிவு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இங்கும் கழிவு உண்டு. அப்வேர்க்கில் 2023 முதல் 10 வீதமாக இருந்த கழிவு, 2025 முதல் புதிய வேலைகளுக்கு வேலையைப் பொறுத்து 15 வீதம் வரை செல்லலாம். அத்துடன் விலைமனு அனுப்புவதற்கே "கனெக்ட்" எனப்படும் வில்லைகளை வாங்க வேண்டும். ஒரு வில்லை 0.15 டொலர். ஒரு விலைமனுவுக்குப் பல வில்லைகள் தேவைப்படும்.

ஓர் உதாரணம். 100 டொலர் வேலையில் 10 வீதக் கழிவு போக மிஞ்சுவது 90 டொலர். ஒரு விலைமனுவுக்கு 10 வில்லைகள், அதாவது 1.50 டொலர் என வைத்துக்கொள்வோம். கண்ணில் பட்ட வேலைகளுக்கெல்லாம் 20 விலைமனு அனுப்பி ஒன்று கிடைத்தால் 30 டொலர் போய்விடும், கையில் 60. நன்கு வாசித்துத் தெரிந்து 5 மட்டும் அனுப்பி ஒன்று கிடைத்தால் செலவு 7.50, கையில் 82.50. வேலை ஒன்றே, வருமானம் வேறு. விதையைப் பாறையில் வீசாமல் பண்படுத்திய நிலத்தில் இடுவது போன்றது இது. வங்கிக் கட்டணம், மின்சாரம், இணையச் செலவு ஆகியவற்றையும் இதிலிருந்தே கழிக்க வேண்டும்.

3. நல்ல விலைமனு

* அறிவித்தலை முழுவதும் வாசியுங்கள். பணம் செலுத்தும் முறை உறுதிசெய்யப்பட்டவரா, முன்பு வேலை கொடுத்தவரா, அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியுள்ளார்கள் என்று பாருங்கள்.
* முதல் இரண்டு வரியிலேயே அவருடைய பிரச்சினையைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் படிப்பைப் பற்றிப் பின்னர் எழுதலாம்.
* "எல்லாம் செய்வேன்" என்று எழுதாதீர்கள். வேர்ட்பிரஸ் தளங்களைத் திருத்துதல் போன்ற ஒரு குறிப்பிட்ட வேலையில் பெயர் எடுங்கள்.
* காட்டுவதற்கு முன்செய்த வேலை இல்லையா? உங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கோ சனசமூக நிலையத்துக்கோ ஒரு சிறிய கணக்குப் பதிவு முறையைச் செய்து கொடுங்கள். சங்கத்தின் அனுமதியுடன், உறுப்பினரின் சொந்த விபரங்களை நீக்கி, அதையே மாதிரியாகக் காட்டலாம்.
* முதலில் சிறிய வேலையை எடுத்துச் சொன்ன நாளில் முடியுங்கள். அதற்குக் கிடைக்கும் நற்சான்றே அடுத்த வேலையைத் தேடித் தரும்.

4. பணம் வைப்பில் இல்லையேல் வேலை இல்லை

மொத்த விலைக்கு எடுக்கும் வேலையில், வேலை கொடுப்பவர் பணத்தை முன்கூட்டியே தளத்திடம் வைப்பிலிட வேண்டும். வேலை ஏற்கப்பட்டதும் தளம் அதை விடுவிக்கும். அப்வேர்க்கில், முடித்த வேலையை முறைப்படி ஒப்படைத்த பின் 14 நாட்கள் வரை மறுமொழி இல்லையெனில் பணம் தானாகவே விடுவிக்கப்படும். பெரிய வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் வைப்பிலிடப்பட்ட பின்னரே தொடங்குங்கள்.

5. ஏமாறாதிருக்க

"வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்பவரை நம்ப வேண்டாம். "வட்ஸ்அப்பில் பேசுவோம், பணத்தை வெளியே தருகிறோம்" என்பவரும் ஆபத்தானவர். தளத்துக்கு வெளியே நடந்ததற்குத் தளம் பொறுப்பேற்காது. உங்கள் கணக்கை மற்றவருக்கு வாடகைக்குக் கொடுக்காதீர்கள். கணக்கு மூடப்பட்டால் சேர்த்த நற்சான்றுகளும் போய்விடும்.

கணக்கில் உள்ள பெயர், தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் முதலில் கிராம அலுவலர் மூலம் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல், உழைத்த பணமும் கைக்கு வராமல் நின்றுவிடலாம்.

முதல் வேலை கிடைக்க வாரங்கள் செல்லலாம், மாதங்களும் செல்லலாம். அதை நம்பி நகையை அடகு வைக்கவோ வட்டிக்குக் கடன் எடுக்கவோ வேண்டாம். இந்த வருமானம் காணிக்கு ஈடும் அல்ல. பிள்ளை உழைக்கத் தொடங்கினாலும் காணி உறுதியைக் கவனமாக வைத்திருங்கள். காணிக்கான கோரிக்கையைக் கைவிடாதீர்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எங்கள் குடும்பம் இம்முயற்சிக்குக் கடன் இல்லாமல் எவ்வளவு செலவிடலாம்? எத்தனை மாதம் காத்திருக்கலாம்?
2. எங்கள் ஊரில் எந்தச் சங்கத்தின் கணக்குகளைக் கணினியில் பதிய உதவலாம்?
3. ஓர் அறிவித்தலைக் குழுவாக வாசியுங்கள். அதற்கு விலைமனு அனுப்பலாமா, விடலாமா? காரணம் என்ன?