பாடகர் இல்லாத ராக் எங்கே பிறந்தது?

கேள்வி: கிதார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, பாடுகிறவர் மட்டும் இல்லை. ஒரே உருப்படி பத்து நிமிடம் ஓடுகிறது. ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை’ போன்ற குழுக்களின் இந்தப் பாணி எங்கே தொடங்கியது? சொல்லே இல்லாமல் அது கேட்பவரை எப்படி உலுக்குகிறது?

பதில்: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே, எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த வட்டாரத்தில் இருக்கிறது மிட்லேண்ட். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டை நிலம். மார்க் ஸ்மித், மைக்கேல் ஜேம்ஸ், முனாஃப் ரயானி என்ற மூன்று கிதார் கலைஞர்களும் அங்கிருந்து ஆஸ்டின் நகருக்கு வந்தவர்கள். இல்லினாய் மாநிலத்திலிருந்து அதே நகருக்கு வந்த கிறிஸ் ஹ்ராஸ்கி டிரம்ஸ் வாசிப்பவர். சோகமும் வெற்றிக்களிப்பும் சேர்ந்த ராக் குழு தேவை என்று எழுதி, ஓர் இசைத்தட்டுக் கடையில் துண்டறிக்கை ஒட்டினார் அவர். 1999இல் நால்வரும் ஒன்றுசேர்ந்தார்கள். முதலில் வைத்துக்கொண்ட பெயர் ‘பிரேக்கர் மோரன்ட்’. அதே ஆண்டு ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்து வாணவேடிக்கையைப் பற்றி ஹ்ராஸ்கி சொன்ன வார்த்தை குழுவின் பெயராக நிலைத்துவிட்டது.

அந்தத் துண்டறிக்கையில் கேட்டதைத்தான் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், பாணியைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் அல்ல. அதன் வேர்கள் பத்தாண்டு முந்தியவை.

முதல் வேர் லண்டனில். எண்பதுகளில் சின்தசைசர் பாப் பாடல்களால் புகழ்பெற்ற ‘டாக் டாக்’ குழு, 1988இல் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. வானொலியில் ஒலிபரப்பத் தோதான பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. குழுவின் தலைவர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் இருட்டாக்கிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கலைஞர்களை வரவழைத்து, மனம்போல் வாசிக்கச் சொல்லி, பதிவானதில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மிஞ்சிய துணுக்குகளைக் கோத்தார்கள். ராக் இசையில் மௌனத்துக்கு இவ்வளவு இடம் அதற்குமுன் அபூர்வம். இன்னொரு வேர் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். ‘ஸ்லின்ட்’ என்ற இளைஞர் குழு 1991இல் தந்த ‘ஸ்பைடர்லேண்ட்’ தொகுப்பில் குரல் பெரும்பாலும் பேச்சாகவோ முணுமுணுப்பாகவோதான் வரும். கிதார் நெடுநேரம் அடக்கமாக நடந்துகொண்டிருக்கும், பிறகு முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும். அந்தத் தட்டு கடைக்கு வந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது.

1994இல் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் இந்தப் போக்குக்குப் ‘போஸ்ட்-ராக்’ என்ற பெயரைப் பரப்பினார். ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ராக் அல்லாத காரியம் செய்வது, கிதாரை ஒலியின் நிறத்துக்காகப் பயன்படுத்துவது என்பது அவர் தந்த விளக்கம். அந்தப் பெயரை ஏற்காத குழுக்கள் நிறைய உண்டு. இருந்தாலும் அதுதான் ஒட்டிக்கொண்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1995இல் உருவான ‘மோக்வாய்’ குழு, ஸ்லின்ட்டிடம் பட்ட கடனை மறைக்கவே இல்லை. 1997இல் வந்த ‘மோக்வாய் யங் டீம்’ தொகுப்பிலுள்ள ‘லைக் ஹெரோட்’ என்ற உருப்படிக்கு முதலில் வைத்திருந்த பெயரே ‘ஸ்லின்ட்’தான். மான்ட்ரியாலின் ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ குழு வயலினையும் செல்லோவையும் கூட்டியது. தெருவில் பதிவான பேச்சுக்குரல்களைச் சேர்த்தது. மேடையின் பின்திரையில் 16 மி.மீ. படச்சுருளை ஓடவிட்டது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1997இல் 500 பிரதிகளாக வந்தபோது, ஒவ்வோர் உறைக்குள்ளும் ரயில் ஏறி நசுங்கிய ஒரு காசு இருந்தது. டெக்சாஸ் நண்பர்கள் வாசிக்க உட்கார்ந்தபோது இத்தனையும் காற்றில் கலந்திருந்தது.

இனி, ஏன் உலுக்குகிறது என்ற கேள்வி. வழக்கமான பதில், மெதுவாகத் தொடங்கிப் பெரிதாக வெடிக்கிறது என்பது. அது பாதி உண்மை. மெல்ல ஏறும் இசை இவர்கள் காலத்தது அல்ல. 1928இல் பாரிஸில் அரங்கேறிய, இசையமைப்பாளர் ராவேலின் ‘பொலேரோ’வில் ஸ்னேர் டிரம்மின் ஒரே தாளம் கால் மணி நேரம் மாறாமல் ஓட, அதன்மேல் இசைக்குழு படிப்படியாகப் பெருகும். முடிவை நெருங்கும்போது சுருதி சட்டென்று தாவும். அந்த ஒரு தாவலுக்காகத்தான் அதுவரை காத்திருந்தோம் என்று அப்போது தோன்றும்.

காதுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து காட்டியது இது: ஒலி மெலிதாக இருக்கும்போது நம் காது மந்தர ஒலிகளைப் பெருமளவு தவறவிடுகிறது, ஒலி உயர உயர அவையும் சரிசமமாகக் கேட்கத் தொடங்குகின்றன. ஆகவே அதே நான்கு பேர் அதே சுரங்களை உரக்க வாசிக்கும்போது ஒலியின் அளவு மட்டும் கூடுவதில்லை, அடியிலிருந்து புதிதாக ஏதோ எழுந்து வந்து சேர்ந்ததுபோல் இருக்கிறது. அதை நெஞ்சில் உணர்வதாக ரசிகர்கள் சொல்வது மிகையல்ல.

மீதிப் பாதி, தலைப்புகளில் இருக்கிறது. 2003இல் ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை’ வெளியிட்ட ‘தி எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் பிளேஸ்’ தொகுப்பின் முதல் உருப்படிக்கு, நினைவிழந்து கிடந்தவரின் முதல் மூச்சு என்று பொருள்படும் தலைப்பு. ஒற்றைக் கிதார் ஒரே சுரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, கீழே பெரிய டிரம் இதயத் துடிப்பின் வேகத்தில் தட்டுகிறது. ஒரு வார்த்தை பாடவில்லை, கதை தொடங்கிவிட்டது. படுத்திருப்பவர் யார், அருகில் யார் காத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்பவர் தம் வாழ்க்கையிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். பாடலாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால் அது அவருடைய நோயாளியாக இருந்திருக்கும்.

வெறும் வெடிப்பை மட்டும் நகல் எடுத்த குழுக்கள் பின்னாளில் ஏராளமாக வந்தன. அவற்றில் பல சலிப்பூட்டுவதற்குக் காரணம், அமைதியான பகுதியை அவை காத்திருப்பு அறையாக நடத்தியதுதான். இவர்களுடைய அமைதியான பகுதிகளைத் தனியே வெட்டி எடுத்தாலும் நிற்கும்.

திரைப்படம் இவர்களைத் தேடி வந்ததில் வியப்பில்லை. பீட்டர் பெர்க் 2004இல் இயக்கிய ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’, ஒரு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றியது. கதை நடக்கும் ஒடெஸா நகர், மிட்லேண்டின் பக்கத்து ஊர். சொந்த மண்ணின் கதைக்குச் சொந்த மண்ணின் பிள்ளைகள் இசையமைத்தார்கள். பிறகு வந்த தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையும் இவர்களுடையதே என்று பலர் நம்புகிறார்கள். அது ஸ்னஃபி வால்டன் என்பவர் அமைத்தது.

கேள்வி: அவர்கள் கிதார் சில இடங்களில் வயலின் கூட்டம் போல ஒலிக்கிறதே, எப்படி?

பதில்: ஒன்று கைவேலை, இன்னொன்று பெட்டி வேலை. ஒரே தந்தியை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டும் முறையை மின்கிதாரில் புகழ்பெறச் செய்தவர் டிக் டேல். 1962இல் அவர் வாசித்த ‘மிசிர்லூ’, கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் வழங்கிவந்த பழைய மெட்டு. லெபனான் வழிவந்த தந்தையின் குடும்பத்தில் ஊத் வாத்தியம் கேட்டு வளர்ந்தவர் அவர். கலிபோர்னியாக் கடற்கரையின் துள்ளல் இசைக்கு அவர் பயன்படுத்திய அதே விரைவு மீட்டலைத்தான் டெக்சாஸ் குழு துக்கத்துக்குப் பயன்படுத்துகிறது.

பெட்டி என்பது காலால் மிதித்து இயக்கும் ‘டிலே’ பெடல். வாசித்த சுரத்தைப் பிடித்துவைத்து, நொடியின் ஒரு பகுதி கழித்துத் திருப்பிச் சொல்லும். முன்பு இதற்குக் காந்த நாடா ஓடும் கனமான கருவிகள் வேண்டும். பின்னாளில் அது கிதார்ப் பைக்குள் அடங்கும் பெடலானது; 1983இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் கையடக்க டிஜிட்டல் டிலே பெடலையும் கொண்டுவந்தது. வேக மீட்டல் இந்தப் பெட்டிக்குள் போனால் தனித்தனி மீட்டுகளின் விளிம்பு கரைந்து ஒரே நீள ஒலியாகிறது. மூன்று கிதாரும் அப்படிச் செய்யும்போது வில் போட்டு இழுப்பதுபோல் கேட்கிறது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: மேலே சொன்ன 2003 தொகுப்பில். ஐந்தே உருப்படிகள், சுமார் 45 நிமிடம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மந்தர ஒலி வராது. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். தொடக்கம் மெலிதாக இருக்கிறதே என்று ஒலியை ஏற்ற வேண்டாம். ‘லைக் ஹெரோட்’ கேட்கும்போது இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். பிறகு காட்ஸ்பீட் குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் போகலாம்: நான்கே உருப்படிகள், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வேரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ‘ஸ்பைடர்லேண்ட்’ இருக்கிறது, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.