தனியாகச் சார்மினார் போய் வருவோம்

மகள் மாரெட்பள்ளியில் இருக்கிறாள். பேரனைப் பார்க்க அம்மா போகிறார். காலை 8 மணிக்கு மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரன் பள்ளிக்குப் போய்விடுகிறான். அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார். பத்து நாள் இப்படியே கழிகிறது. ஊருக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள்.

"சார்மினார் பார்த்தீர்களா?"

"கூட்டிப் போக ஆள் இல்லையே!"

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. அடுத்த முறை போகும் முன் அவர் என்னிடம் கேட்டார்: "கண்ணு, நான் படித்தது தமிழ். அங்கே பலகை எல்லாம் தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம். அந்த ஊரில் என் படிப்பு செல்லாக் காசுதானே?"

நியாயமான கேள்வி. ஆனால் செல்லாக் காசு இல்லை. எண்களை நினைத்துப் பாருங்கள். 1, 2, 3 என்று நாம் படித்த அதே எண்கள்தாம் அங்கும். பேருந்து எண், நடைமேடை எண், ஆட்டோ எண், ஓட்டலில் விலை, கடிகாரத்தில் மணி எல்லாம் உங்களுக்குப் படிக்க வரும். மற்றதை நீங்களே தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொள்ளலாம். அந்தத் தாள்தான் உங்கள் வழிகாட்டி.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

மாரெட்பள்ளி செகந்திராபாத்தில் இருக்கிறது. ஐதராபாத்தும் செகந்திராபாத்தும் இரட்டை நகரங்கள். நடுவில் உசேன் சாகர் ஏரி. செகந்திராபாத் 1806-ல் ஆங்கிலேயரின் படை தங்கும் ஊராகத் தொடங்கியது. படை வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் தமிழர்கள் பலர் அங்கே போனார்கள். அதனால் மாரெட்பள்ளித் தெருக்களில் இன்றும் தமிழ்ப் பேச்சு காதில் விழும். பக்கத்தில் பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கிறது. முதல் நாள் அதுவரை போய் வாருங்கள். தெரு பழகும், ஆட்டோவில் பேசவும் பழகும்.

இன்னொரு செய்தி. ரயில் சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக் கொள்ளுங்கள். 2025 சனவரியில் சர்லபள்ளி என்ற புதிய முனையம் திறந்தார்கள். சில ரயில்கள் அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து மாரெட்பள்ளிக்குத் தூரம் அதிகம்.

எந்த நாள் போகலாம்?

வெள்ளிக்கிழமை வேண்டாம். சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. சௌமகல்லா அரண்மனையும் அன்று திறப்பதில்லை. மக்கா மசூதியில் மதியத் தொழுகைக்குக் கூட்டம் நிறைய இருக்கும். உயிரியல் பூங்கா போக நினைத்தால் அதற்குத் திங்கள் விடுமுறை. நாட்காட்டியைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

எப்படிப் போவது?

மாரெட்பள்ளிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில்தான் ஜூபிலி பேருந்து நிலையம். அதை ஜே.பி.எஸ். என்பார்கள். அங்கே மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் 'ஜே.பி.எஸ். பரேடு கிரவுண்டு'. இது பச்சைத் தடம். 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். இந்தத் தடத்தில் மொத்தம் 9 நிலையங்கள். முதல் நிலையம் ஜே.பி.எஸ்., கடைசி நிலையம் எம்.ஜி.பி.எஸ். அதாவது மகாத்மா காந்தி பேருந்து நிலையம். நீங்கள் முதல் நிலையத்தில் ஏறுகிறீர்கள். கடைசி நிலையத்தில் இறங்குகிறீர்கள். எங்கே இறங்குவது என்று யாரையும் கேட்க வேண்டாம். எல்லோரும் இறங்கும்போது நீங்களும் இறங்கலாம். தனியாகப் போகிறவருக்கு இதைவிட எளிய வழி வேறு இல்லை என்பேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே இடத்தில் நீலத் தடமும் இருக்கிறது. அது நாகோல், ராய்துர்க் பக்கம் போகும். ஆகவே பச்சை நிறத்தைப் பார்த்துப் போங்கள். சீட்டுக் கொடுப்பவரிடம் "எம்.ஜி.பி.எஸ்." என்று சொன்னால் போதும். கட்டணம் 2025-ல் மாறியது. எவ்வளவு வாங்கினார்கள் என்று தாளில் குறியுங்கள். திரும்பும்போதும் அதே தொகைதான்.

பேருந்திலும் போகலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. தமிழ்நாட்டில் நகரப் பேருந்தில் நமக்குக் கட்டணம் இல்லை. தெலங்கானாவிலும் 2023 திசம்பர் 9 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. மகாலட்சுமித் திட்டம் என்று பெயர். ஆனால் அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. தெலங்கானா முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். உங்கள் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் சீட்டு வாங்கிவிடுங்கள். மகள் சும்மா போகிறாளே என்று நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

எதைப் பார்ப்பது?

எம்.ஜி.பி.எஸ். மூசி ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் முதலில் சாலார் ஜங் அருங்காட்சியகம் போங்கள். காலை 10 மணிக்குத் திறப்பார்கள். 1951-ல் நேரு திறந்து வைத்தது. ஒரே குடும்பத்தார் சேர்த்த பொருள்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் வலிக்கும். இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, முகத்திரை போட்ட ரெபேக்கா என்ற பெண்ணின் சிலை. துணியும் முகமும் ஒரே பளிங்குக் கல். ஆனால் மெல்லிய துணிக்குள் முகம் தெரிவதுபோலவே இருக்கும். மற்றொன்று, பாட்டுக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் உள்ளிருந்து ஒரு சிறு பொம்மை மனிதன் வெளியே வந்து மணி அடிப்பான். 12 மணிக்குப் போனால் 12 அடி கேட்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

பிறகு சார்மினார். சார் என்றால் நான்கு, மினார் என்றால் கோபுரம். 1591-ல் முகமது குலி குதுப் ஷா என்ற அரசர் கட்டினார். நான்கு பக்கமும் உள்ள கடிகாரங்கள் அப்போது இல்லை. அவை 1889-ல் வைத்தவை. மேலே ஏறலாம். ஆனால் படிக்கட்டு குறுகலானது, சுழன்று சுழன்று போகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பாருங்கள். குறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் மக்கா மசூதி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி, 1694-ல் அவுரங்கசீப் காலத்தில் முடிந்தது.

மேற்கே லாட் பஜார். அரக்கு வளையல் வாங்க இதுதான் இடம். அரக்கை உருக்கி, வளைத்து, கண்ணாடிக் கற்களைக் கையால் பதிக்கிறார்கள். 2024-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் கடையில் சொல்லும் விலைக்கு வாங்காதீர்கள். நான்கு கடை ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு விலையையும் குறித்து, பிறகு பேரம் பேசுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு' என்று பொருள். நீங்கள் "எந்த வளையல்?" என்றால் கடைக்காரர் விலையைச் சொல்வார்! 'எக்கட' என்றால் எங்கே. 'ஆபண்டி' என்றால் நிறுத்துங்கள். சார்மினார் பக்கம் உருதுவும் பேசுவார்கள். அங்கே 'கித்னா' என்றால் எவ்வளவு. சில்லறைக்குத் தெலுங்கிலும் 'சில்லர'தான்.

என்ன சாப்பிடலாம்?

சார்மினார் பக்கம் போய்விட்டு இரானி தேநீர் குடிக்காமல் வரக்கூடாது. நம் ஊரில் போல டிகாக்சனில் பாலை அப்படியே ஊற்றுவதில்லை. தேயிலையைத் தனியாக மூடிக் கொதிக்க வைக்கிறார்கள். பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். குடிக்கும் நேரத்தில் இரண்டையும் கலக்கிறார்கள். கூடவே உஸ்மானியா பிஸ்கட். இனிப்பும் உப்பும் சேர்ந்து இருக்கும்.

அந்த ஊர் பிரியாணி நம் ஆம்பூர், திண்டுக்கல் பிரியாணி போல் இல்லை. மசாலாவில் ஊறிய பச்சைக் கறியின் மேல் அரைவேக்காட்டுச் சோற்றைப் பரப்பி, மூடி, தம்மில் வேக வைக்கிறார்கள். நீளமான பாசுமதி அரிசி. தொட்டுக்கொள்ள மிளகாய், வேர்க்கடலை, எள் போட்ட சாலன். தட்டு நிறைய வரும். ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பெசரட்டு உண்டு. பச்சைப்பயறு அரைத்துச் சுடும் தோசை. சோற்றுக்குக் கோங்கூரா, அதாவது நம் புளிச்சகீரைத் துவையல். காரத்தில் ஆந்திராவும் தெலங்கானாவும் நமக்கு அண்ணன்மார். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிர்ச் சோற்றோடு நிறுத்துங்கள். வழியில் வாங்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம்.

திரும்பி வருதல்

உண்மையில் கவனம் வேண்டியது இப்போதுதான். எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பில் ஏறினால் மியாப்பூருக்கோ எல்.பி. நகருக்கோ போய்விடுவீர்கள். பச்சைத் தடத்தில் ஏறினால் கடைசி நிலையம் உங்கள் ஜே.பி.எஸ்.தான். மாலையில் கூட்டம் நெரியும். 4 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஒருவேளை வழி தவறிவிட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். நிலையப் பணியாளரிடம் தாளைக் காட்டுங்கள். ஆபத்து என்றால் எந்தத் தொலைபேசியிலிருந்தும் 112. பெண்களுக்கு 181.

தாளில் ஒரு பக்கம் தமிழ், நீங்கள் எழுதியது. மறுபக்கம் மகள் தெலுங்கில் எழுதித் தரட்டும். ஆட்டோக்காரருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோகும். தாள் தீராது. மேலே சொன்ன அம்மா எழுதிய தாள் இதோ:

செவ்வாய். காலை 9.15 வீடு.
ஆட்டோ – ஜே.பி.எஸ். மெட்ரோ. பச்சை.
கடைசியில் இறங்கு.
10.15 சாலார் ஜங். 12 மணி கடிகாரம்.
1 மணி சாப்பாடு. 2 மணி சார்மினார். தேநீர்.
வளையல் – பேத்திக்கு 2, எனக்கு 1.
4 மணி கிளம்பு. பச்சை! சிவப்பு இல்லை.
கையில் பணம் 800. சேலை மடிப்பில் 200.
மகள் எண் – மறுபக்கம்.

கோல்கொண்டாக் கோட்டைக்கு இன்னொரு நாள் வையுங்கள். மெட்ரோ அங்கே போகாது. ஏறப் படிகள் பல நூறு. வாசலில் கை தட்டினால் உச்சியில் கேட்கும். பத்ராசலம் இராமர் கோயிலைக் கட்டிய இராமதாசரை அடைத்து வைத்த சிறையும் அங்கே இருக்கிறது. அதற்கு மகளையும் விடுமுறை எடுக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. சார்மினார் போக வெள்ளிக்கிழமை ஏன் வேண்டாம்?
2. திரும்பும்போது எந்த நிறத் தடத்தில் ஏற வேண்டும்?
3. அந்த அம்மா பணத்தை ஏன் இரண்டு இடத்தில் வைத்தார்? பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.
4. நீங்கள் தனியாகப் போக நினைக்கும் ஊர் எது? அதற்கு ஒரு தாள் எழுதுங்கள். கிழமை, நேரம், ஏறும் இடம், இறங்கும் இடம், சாப்பாடு, பணம், வீட்டு எண் எல்லாம் அதில் வரட்டும்.