மூலையைக் காட்டச் சொல்லுங்கள்

லூயி வித்தோன் ஸ்பீடியோ, ஷனேல் ஃபிளாப்போ, ஏற்கெனவே ஒருவர் தோளில் கிடந்த பையை வாங்கவோ விற்கவோ போகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை; பார்த்ததை எழுதத் தெரிவதில்லை. பை அசலா போலியா என்பது தனி வேலை. அதைத் தெரிந்தவரிடம் காட்டி முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

பையைக் காலி செய்து, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். ட்யூப் லைட்டில் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருந்த கீறலும் வெடிப்பும் வெளியே வரும். முன்பக்கத்தை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கவிழ்த்து, நான்கு அடி மூலைகளைப் பாருங்கள். பிறகு கைப்பிடி பையோடு சேரும் இடம். ஜிப்பை ஒருமுறை முழுக்கத் திறந்து மூடுங்கள், கொக்கியைப் போட்டுக் கழற்றுங்கள், தையலை விரலால் தடவுங்கள். அவ்வளவுதான்.

பழுது கண்ணில் பட்டதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது நின்றுவிட்ட பழுதா, வளர்கிற பழுதா? நான் விலையை முடிவு செய்வதே இதை வைத்துத்தான். ஷனேல் கொக்கியில் தங்க முலாம் மங்கியிருந்தால் அது நின்ற பழுது. ஆட்டுக்குட்டித் தோலில் நகக்கீறல், மடல்மேல் சங்கிலி அழுந்திய தடம், இவையும் அப்படியே. ஸ்பீடியின் கைப்பிடி தேன்நிறமாகக் கருத்திருப்பது பழுதே இல்லை. அது வச்செட்டா எனும் சாயமேற்றாத தோல். வெயிலும் கைப்பிசுக்கும் பட்டால் கருக்கத்தான் செய்யும். அதன்மேல் மழைத்துளி விழுந்த வட்டக் கறை மட்டுமே குறை.

வளர்கிறவைதான் ஆபத்து. ஸ்பீடியின் மோனோகிராம் உடம்பைத் தோல் என்று நினைத்து கிரீம் தடவுகிறவர்கள் உண்டு. அது பருத்தித் துணிமேல் பிளாஸ்டிக் பூசியது. கைப்பிடிப் பட்டை அருகே அதில் வெடிப்பு விழுந்தால் எந்த கிரீமும் ஒட்டவைக்காது. பாரம் ஏற ஏற நீளும். தோல் ஓரங்களில் இருக்கும் பூச்சு உதிர்வதும் இந்த வகைதான்.

எல்லாவற்றையும்விட மோசம், உள்பையின் பிசுபிசுப்பு. 1980, 90-களில் வந்த பைகள் பலவற்றில் உள்பைக்குச் செயற்கைப் பூச்சு கொடுத்திருந்தார்கள். காற்றின் ஈரம் அந்தப் பூச்சை மெல்லச் சிதைக்கும். முதலில் ஒட்டும், பிறகு செதிலாக உரியும். பீரோவைவிட்டு வெளியே வராத பையிலும் இது நடக்கும். சென்னை, சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே "ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை" என்பது இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. டிஷ்யூ காகிதத்தை உள்பைக்குள் விட்டு, வெளியிலிருந்து சற்று நேரம் அழுத்திப் பிடித்து எடுங்கள். துணுக்குகள் உள்ளேயே தங்கினால் பூச்சு போகத் தொடங்கிவிட்டது. உள்ளே டால்கம் பவுடர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒட்டுவதை மறைக்கத்தான் தூவியிருக்கிறார்கள். இதற்குத் துடைப்பு வைத்தியம் கிடையாது. உள்பையை மாற்றித் தைக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

வாடைக்கு மூக்குதான் கருவி. பையை மூடி ஒரு இரவு வைத்து, காலையில் திறந்த நொடியில் முகர்ந்து பாருங்கள். சிகரெட், பாச்சை உருண்டை, மக்கல் வாடை மூன்றில் மக்கலுக்குத்தான் நான் பயப்படுவேன். அது பூஞ்சையின் அறிகுறி. சென்ட் கமகமத்தாலும் எனக்குப் பிடிக்காது. எதையோ மூடியிருக்கிறார்கள்.

பழுதுபார்த்ததை மறைப்பது இன்னொரு வித்தை. ஈரப்படுத்திய வெள்ளைப் பஞ்சால் மூலையை மெதுவாகத் தொட்டெடுங்கள் (வச்செட்டாவில் வேண்டாம், நீர்க்கறை விழும்; பை உங்களுடையது இல்லையென்றால் கேட்டுவிட்டு). நிறம் ஒட்டிவந்தால் மறுசாயம் பூசியிருக்க வாய்ப்புண்டு. லூயி வித்தோனில் வயதையும் ஒப்பிடலாம். 1990 முதல் 2006 வரை உள்ளே பொறித்த குறியீட்டில் ஒன்றாம், மூன்றாம் இலக்கங்கள் மாதம். இரண்டாம், நான்காம் இலக்கங்கள் ஆண்டு. 0076 என்றால் 2006 ஜூலை. அந்த வயதுப் பையில் அடிப்பட்டை கருத்திருக்க, கைப்பிடி மட்டும் பால்நிறமாக இருந்தால் கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள். மாற்றுவது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இனி எழுதுவது. "நல்ல நிலை, லேசாகப் பயன்படுத்தியது" என்ற வரியை மறந்துவிடுங்கள். ஜப்பானியக் கடைகள் எஸ், ஏ, ஏபி, பி என்று தரம் போடுகின்றன. ஒரு கடையின் ஏபி இன்னொரு கடையின் பி. எழுத்தை நம்பாமல் அதன் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். நீங்கள் எழுதும்போது இடம், அளவு, வளருமா என்ற மூன்றும் இருக்கட்டும். இப்படி: "முன்பக்கம் வலது கீழ் மூலையில் 1 செ.மீ. நீளத்துக்கு நிறம் போயிருக்கிறது, தோல் கிழியவில்லை. இடது கைப்பிடியில் இரண்டு நீர்க்கறை. உள்ளே பேனா மசிக் கோடு ஒன்று, 3 செ.மீ. ஜிப் சரளமாக ஓடுகிறது. வாடை இல்லை." கறைக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுங்கள், ஃபில்டர் போடாதீர்கள். இல்லாத குறையையும் எழுதிவிடாதீர்கள்: மோனோகிராம் ஸ்பீடியின் ஒரு பக்கம் எழுத்துகள் தலைகீழாகத்தான் இருக்கும். அடியில் தையலில்லாமல் ஒரே துண்டாக வெட்டுவதால் வருவது அது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நான்கு மூலை, உள்பை, கைப்பிடி அடி ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். இரண்டாவது முறை கேட்டும் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.