கொத்துக்கறியும் கப்பையும்: வேலைநாள் ராத்திரிக்கு ஒரு சட்டிச் சாப்பாடு

குமுளி, கட்டப்பனை, பூப்பாறைப் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெரிய உருளியில் வேகிற சாப்பாடு கப்ப பிரியாணி. பேரில்தான் பிரியாணி, அரிசி ஒரு மணிகூட இருக்காது. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் எலும்போடு வெட்டிய மாட்டுக்கறியும் குழைந்து ஒன்றாகிக் கிடக்கும். ஏஷ்யாட் என்றும் சொல்வார்கள். எலும்பு வேக நேரம் பிடிக்கும். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து, கம்பத்துக்கோ போடிக்கோ ஜீப்பில் திரும்புகிறவர் வீட்டில் அதற்குப் பொழுது ஏது? ஞாயிற்றுக்கிழமைக்கு எலும்பு, செவ்வாய்க்கிழமைக்குக் கொத்துக்கறி என்று வைத்துக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் தட்டு போட்டுவிடலாம்.

நாலு பேருக்கு அரைக் கிலோ கொத்துக்கறி, ஒரு கிலோ கப்பை, அரை மூடித் தேங்காய் போதும். கறிக்கடையில் கொஞ்சம் கொழுப்போடு கொத்தித் தரச் சொல்லுங்கள்; வெறும் சதை வறண்டுபோகும். கழுவுவதானால் கொத்துவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். கொத்திய கறியில் தண்ணீர் பட்டால் சட்டியில் வதங்காது, அவியும்.

கப்பையை ஒடித்துப் பார்த்து வாங்குங்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாளானாலே உள்ளே நீலக் கறுப்பாக நரம்பு ஓடிவிடும். அது வேகாது, ருசியும் இருக்காது. தோலையும் நடுநாரையும் எடுத்துச் சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு, கசப்பு ரகத்தில் அதிகம். வேகவைத்து வடிப்பது அதற்காகத்தான். குக்கரில் அடைத்து, அந்தத் தண்ணீரிலேயே மசிக்கிற குறுக்குவழி வேண்டாம். கசக்கிற கிழங்கைத் தூக்கிப் போடுங்கள். உப்பு கடைசியில். மூணாறு மாதிரி 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும்.

கிழங்கு வேகும்போதே தேங்காயை வறுக்கலாம். துருவலோடு நாலைந்து சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அரை ஸ்பூன் சோம்பு சேர்த்து, இளந்தீயில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். அடுப்பை அணைத்தபின் இரண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு அந்தச் சூட்டிலேயே பிரட்டி, கரகரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பச்சைத் தேங்காய் போதாதா என்றால், போதாது. கொத்துக்கறியில் எலும்புச் சாறு கிடையாது. அந்தக் குறையை நிரப்புவது இந்த வறுவல்தான்.

அடிகனமான சட்டியில் தேங்காய் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பி இரண்டு நிமிஷம் தொடாமல் விடுங்கள். அப்புறம் கட்டிகளை உடைத்துக் கிளறினால் தண்ணீர் விட்டு வற்றி, கறி தன் கொழுப்பிலேயே சிவக்கும். இப்போது நறுக்கிய வெங்காயம், இஞ்சி, பூண்டு, இரண்டு கீறிய பச்சை மிளகாய். வதங்கியதும் அரைத்த மசாலா, உப்பு, ஒரு டம்ளர் சுடுதண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிஷம் மூடி வையுங்கள். கறியில் வேகாத சிவப்பு தெரியக்கூடாது. இறக்கும்போது தட்டிய மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் இரண்டு. மிளகும் ஏலமும் குமுளிப் பக்கத்து மலையிலேயே விளைவதால் கஞ்சத்தனம் வேண்டாம்.

வடித்த கப்பையைச் சூடு ஆறுமுன் கறிச்சட்டியில் கொட்டி, மரத்துடுப்பால் குத்திக் கிளறுங்கள். முழுக்க மாவாக்காமல் அங்கங்கே துண்டு தட்டுப்பட வேண்டும். இறுகினால் கொஞ்சம் சுடுதண்ணீர். மூடி ஐந்து நிமிஷம் இளந்தீ.

கிழங்கு பிடிக்காதவர்கள், அல்லது பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போல ராத்திரிக்குச் சோறுதான் வேண்டும் என்பவர்கள், இதே கறியைச் சீரகச் சம்பாவோடு சேர்க்கலாம். இரண்டு டம்ளர் அரிசியை இருபது நிமிஷம் ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்து, சட்டியில் கறி ஒரு அடுக்கு, சோறு ஒரு அடுக்காகப் போட்டு, தோசைக்கல்லின் மேல் கால் மணி நேரம் தம்மில் விடுங்கள். மட்டை அரிசி பாலக்காட்டின் பெருமைதான். ஆனால் வேக நேரம் எடுக்கும், வேலைநாளுக்கு ஒத்துவராது.

தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயத்தை வினிகரில் பிசறி வைத்தால் போதும், குடிக்கப் பால் விடாத கட்டன்சாயா. மீந்ததைச் சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.