எங்கள் மோட்டார் அறைக் கூகை

செண்பகத்தோப்பில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யானை, காட்டுப்பன்றி என்று ஆயிரம் கவலை. பக்கத்திலேயே மலை. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவித்த சரணாலயம், 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. காட்டுயிர் எது வந்தாலும் நட்டம்தான் என்று பேசியே பழகிவிட்டோம். கூலி வாங்காமல் ராத்திரி வேலைக்கு வருகிற ஆந்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு வகை ஆந்தைகள் உண்டு. பழைய மாமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பொழுது சாயும்போதே வெளியே வந்து தலையை ஆட்டி ஆட்டி நம்மைப் பார்க்கும். பாழடைந்த மோட்டார் அறையில் கூகை. வெள்ளை முகம், இதய வடிவம். இறகின் முன் ஓரம் சீப்புப் பல் மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது. ஒரு காது மேலே, ஒரு காது கீழே இருப்பதால் கும்மிருட்டிலும் எலி சருகில் நடக்கும் சத்தத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

"என்ன அண்ணாச்சி, வீட்டுப் பக்கமே கூகைய வச்சிருக்கீக? ஆகாதுல்லா?" என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்பார். நான் பதில் சொல்லாமல் மோட்டார் அறைக்குக் கூட்டிப் போவேன். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதை வெந்நீரில் ஊறப்போட்டுக் குச்சியால் பிரித்தால் எலி மண்டையோடுகளை எண்ணிவிடலாம். புள்ளி ஆந்தையின் உருண்டையில் பெரும்பாலும் வண்டுச் சிறகு ஓடுகள்தான் இருக்கும். இதைவிட நல்ல பாடம் கிடையாது. நீங்களும் செய்து பாருங்கள்.

இந்தப் பாடத்தை நான் ஒரு தப்புச் செய்துதான் கற்றேன். இயற்கை வழிக்கு வருவதற்கு முன்னால், குரும்பையெல்லாம் ஓட்டை விழுந்து கொட்டுகிறதே என்று கடையில் எலி மருந்துக் கட்டி வாங்கி வைத்தேன். அது ரத்தத்தை உறைய விடாத மருந்து. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்குச் சுலபமாகச் சிக்குவதும் அதுதான். ஒரு வாரம் கழித்து மோட்டார் அறை வாசலில் கூகை ஒன்று செத்துக் கிடந்தது. மருந்துதான் கொன்றது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் என் மனசுக்குத் தெரியும்.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். சில மாதத்தில் எலி திரும்பி வந்தது, கூகை வரவில்லை. எலி மூன்று வாரம் சுமந்து குட்டி போட்டுவிடும். கூகை ஒரு மாதம் அடைகாத்து, இன்னும் இரண்டு மாதம் குஞ்சுக்கு இரை ஊட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொன்றால் முந்துவது எலிதான். லட்சத்தீவில் தென்னையை எலி அழித்தபோது கேரளத்திலிருந்து கூகையைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். நமக்கு அது தானாகவே வருகிறது. விரட்டாமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

- எலி விஷம் வேண்டாம். கிட்டி வையுங்கள். தென்னையில் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் சுற்றுங்கள். பக்கத்து மரத்து மட்டை உரசாமல் பாருங்கள்.
- பொந்துள்ள கிழட்டு மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள்.
- வயலில் 'டி' வடிவக் குச்சி நடுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் தானியம் தின்னும் பறவைகள் உட்காரும்.
- குஞ்சு இருக்கும் இடத்தில் டார்ச் அடிக்காதீர்கள். பாம்பு மாதிரி சீறும் சத்தம் கேட்டால் பயப்படவும் வேண்டாம், அது குஞ்சுதான்.

ஆந்தை இருந்தால் எலியே இருக்காது என்று சொல்லமாட்டேன். எலி இருந்தால்தான் ஆந்தையும் இருக்கும். கொஞ்சம் அதுக்கு, மிச்சம் நமக்கு.

மோட்டார் அறைக்கு மறுபடி ஒரு ஜோடி வர மூன்று வருசம் ஆச்சு. இடிந்த அந்தக் கூரையை நான் இன்னும் சரிசெய்யவில்லை. புது மோட்டாருக்கு வேறு அறை கட்டிவிட்டேன்.