ஓட்டுக்கு நிற்காத நீதிபதி

அன்புள்ள தாயி,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் சில இடங்களில் கீழ்க்கோர்ட் நீதிபதி தொடரலாமா வேண்டாமா என்று மக்களே ஓட்டுப் போடுகிறார்களாமே, நம்மூரிலும் அப்படி வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். சிவில் ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கிறவள் கேட்கவேண்டிய கேள்விதான்.

சிகாகோ இருக்கும் குக் கவுண்டியை எடுத்துக்கொள். நீதிபதிக்கு ஆறு வருஷப் பதவி. முடிந்ததும் எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அவர் தொடரலாமா என்று மட்டும் வாக்குச்சீட்டில் இருக்கும். நூற்றுக்கு அறுபது ஆதரவு வந்தால் நாற்காலி நிலைக்கும். அங்கே 1990-க்குப் பிறகு முதன்முதலாக ஒருவர் தோற்றது 2018-இல்தான். சீட்டில் டஜன் கணக்கில் பெயர்கள். எவர் கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைக் கரிசக்காட்டில் வைத்துப் பார். வரப்புத் தகராறிலும் பாகப்பிரிவினையிலும் தோற்றவனுக்குச் சொந்தபந்தம் ஊர் முழுக்க இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மேல் செக் கேஸ் வந்தால், தேர்தல் செலவு யார் தலையில் என்ற யோசனையும் கூடவே வரும். தீர்ப்பை யார் படிக்கப்போகிறார்கள்? ‘ஐயா என்ன ஆளுக’ என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த ஓட்டு நமக்கு வேண்டவே வேண்டாம்.

அதற்காக, கேட்பாரில்லாத வேலை என்று நினைத்துவிடாதே. அரசியல் சட்டத்தின் 235-ஆவது பிரிவு கீழ்க்கோர்ட்டுகளை ஐகோர்ட்டின் கையில் கொடுத்திருக்கிறது. மாறுதல், பதவி உயர்வு, லீவு எல்லாம் அங்கேதான். கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கிய உச்ச நீதிமன்றம், அந்த இரண்டு வருஷம் எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது, 58 முடியுமுன் பழைய வேலையைப் பார்த்துத்தான் ஐகோர்ட் தரவேண்டும் என்று 1993-இல் சொன்னது. நம் ஊர் ‘தொடரலாமா’ அதுதான்.

இப்போது 2020-க்கு வருகிறேன். ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் நம் கோவில்பட்டி கிளைச் சிறையில்தான் அடைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், மறுநாள் காலையில் தகப்பன் என்று இரண்டு பேரும் இறந்துபோனார்கள். விசாரணை நம்மூர் மாஜிஸ்திரேட் எம்.எஸ். பாரதிதாசனிடம் வந்தது. அவர் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள் போய் உட்கார்ந்து விசாரித்தார். ஒத்துழைப்பில்லை. ஒரு போலீஸ்காரர் அவரையே மரியாதையில்லாமல் பேசினார். கேமரா பதிவு இருக்கும் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமிருந்தும், அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்தார்கள். தலைமைக் காவலர் ரேவதி பயந்து நடுங்கிக்கொண்டே, அந்த இருவரையும் போலீஸார் விடிய விடிய அடித்ததையும் லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததையும் சொன்னார். கையெழுத்து வாங்குவதற்குள் பெரும்பாடு. மாஜிஸ்திரேட் அத்தனையையும் எழுதி ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு அனுப்பினார். ஐகோர்ட் அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறைப் பொறுப்பில் எடுக்கச் சொன்னது. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு இப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் ஓட்டுக்கு நிற்கவேண்டியவராக இருந்திருந்தால்? அந்த வாரம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது, ஒருவேளை ஜெயித்திருப்பார். ஆனால் ஊர் கொதிக்காத வழக்குகள்தான் ஆயிரம். வேண்டாதவனுக்கும் நியாயம் எழுத, ஓட்டுப் பயமில்லாத நாற்காலி வேண்டும்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறக்காதே. அந்த இருவரையும் சிறைக்கு அனுப்பியதும் ஒரு மாஜிஸ்திரேட்டின் உத்தரவுதான். அவரும் இதே பரீட்சை எழுதி, இதே ஐகோர்ட்டின் கீழ் வேலை பார்த்தவர்தான். அவ்வளவு காயத்தோடு இருந்தவர்களை எப்படி ரிமாண்ட் செய்தார்கள் என்று அப்போதே நாடெங்கும் கேட்டார்கள்.

ரிமாண்ட் பெரும்பாலும் அசந்த நேரத்தில்தான் வரும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். ஏட்டையா பேப்பரை நீட்டுவார். எல்லாம் சரியாகத் தட்டச்சு செய்திருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டும் பின்னால் குத்தியிருக்கும். கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். நீ போலீஸைத் தள்ளி நிற்கச் சொல். ஆளை வெளிச்சத்துக்குக் கூப்பிடு. உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல். உள்ளங்காலைக் காட்டச் சொல். ‘அடிச்சாங்களா?’ என்று கேட்டு, அவன் வாயில் வந்தபடியே எழுது. இல்லை என்று சொன்னாலும், நீ கண்ணால் பார்த்ததை எழுது. நீ எழுதாத காயத்தைப் பிறகு எந்த ஐகோர்ட்டும் தேடிப் பிடிக்க முடியாது.

பரீட்சைக்கு இப்போது அவசரமில்லை. 2025 மே மாதத் தீர்ப்புப்படி மூன்று வருஷம் வக்கீலாக இருந்தவர்கள்தான் எழுதமுடியும். சென்னையில் கோச்சிங் சேர்ந்து அந்த மூன்று வருஷத்தைக் கழித்துவிடாதே. இங்கேயே ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஜூனியராகச் சேர். ரிமாண்ட் நேரத்தில் கோர்ட் வாசலில் நில்.

அன்புடன்,
பெரியப்பா