ஹோட்டன் சமவெளிக்குப் போகும் தோழிகளுக்கு

தெஹிவளையில் கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு மலை புதிது. சென்ற விடுமுறையில் வாப்பா எங்களை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றார். 2,100 மீற்றர் உயரத்திலுள்ள இச்சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

நுவரெலியாவில் தங்கினால் சுபஹ் தொழுதவுடன் புறப்படுங்கள். வெயில் ஏறினால் மூடுபனி எழுந்து, 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் 'உலக முடிவை' மறைத்துவிடும். கம்பளி உடையும் நல்ல சப்பாத்தும் அணியுங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். பேக்கர் நீர்வீழ்ச்சியும் அவ்வழியிலேயே உண்டு. பாதையை விட்டு விலகாதீர்கள். மரைகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.

பொலித்தீன் கொண்டு போகாதீர்கள். வாயிலில் காவலர் என் பிஸ்கட் உறையைக் கழற்றி, பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தந்தார். தம்பி சிரித்தான், எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே ஓர் ஓடையருகே வாப்பா நின்றார். "மகாவலி, களனி, வளவை மூன்டுக்கும் இந்த மலையில இருந்துதான் தண்ணி போகுது மகள்" என்றார்.

கொழும்புக்குக் குடிநீர் தருவது களனி கங்கை. மலையில் நாம் விடும் அழுக்கு நம் ஊரை நோக்கியே இறங்கி வரும் என்பது அப்போதுதான் விளங்கியது. திரும்பும்போது அந்தக் காவலருக்கு நன்றி சொன்னேன்.